அப்போலினேர்: கலைப் பத்தி எழுதிய வேலை கவிஞரைத் தின்றதா, வளர்த்ததா?

நீலக்கூரை (இழையைத் தொடங்கியவர்):

பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்போலினேரைப் பற்றித் தமிழில் பேசும்போது பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறோம். கவிதை வரிகளைப் படமாக அடுக்கியவர் என்பது ஒன்று; சர்ரியலிசம் (கனவையும் ஆழ்மனத்தையும் ஊற்றாகக் கொண்ட கலை இயக்கம்) என்ற சொல்லை 1917இல் முதன்முதலாகப் புழக்கத்தில் விட்டவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் எதைச் செய்து பிழைத்தார், எந்த நாட்டுக் குடியாகப் பாரிஸில் இருந்தார் என்று நாம் கேட்பதே இல்லை. இறப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு வரை அவர் பிரான்சில் குடியுரிமை இல்லாத அயலார். அவருடைய அன்றாட வருமானம் பத்திரிகைகளிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கவிதையை மட்டும் படித்தால் பாதியைத்தான் படிக்கிறோம் என்பது என் கருத்து. அதை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1880 ஆகஸ்ட் 26 அன்று ரோமில் பிறந்தார். தாய் ஆஞ்செலிகா கொஸ்த்ரோவித்ஸ்கா, ரஷ்யப் பேரரசின் ஆளுகைக்குள் இருந்த போலந்து உயர்குடியைச் சேர்ந்தவர். தந்தை பிள்ளைக்குத் தம் பெயரைத் தரவில்லை. மொனாக்கோவிலும் கான், நீஸ் நகரங்களிலும் பள்ளிப் படிப்பு நடந்தது. தாயின் வரவு செலவு சூதாட்ட மேசையை ஒட்டி ஏறி இறங்கியது. 1899இல் பாரிஸுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்தவ்லோ என்ற சிற்றூரில் தங்கியிருந்த அவரும் அவருடைய தம்பியும் விடுதிக் கணக்கைத் தீர்க்கப் பணமில்லாமல் இரவோடு இரவாக வெளியேறினார்கள். பாரிஸில் வேறொருவர் பெயரில் வெளிவந்த தொடர்கதைக்கு எழுதிக் கொடுத்தார், வங்கியில் எழுத்தராக இருந்தார், முதலீட்டாளர்களுக்கான நிதி இதழ் ஒன்றைக் கவனித்துக்கொண்டார். இடையில், 1901-02இல், ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் ஒரு சீமாட்டியின் மகளுக்கு பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார். இன்று நாம் அறிந்த பெயர் 1902இல் ஒரு சிறுகதையின் கீழே முதன்முதலாக அச்சாகியது. 1905இல் ஓவியர் பிகாஸோவைப் பற்றிய முதல் கட்டுரைகளை எழுதினார். 1910இல் லேந்த்ரான்ஸிஜான் நாளிதழின் கலைப் பத்தி அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு மெர்க்யூர் த பிரான்ஸ் இதழில் நடப்புகளையும் கேட்டறிந்த செய்திகளையும் எழுதும் பத்தியும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பத்தி எழுத்துதான் அவரைக் கவிஞராக உருவாக்கியது என்று நான் நினைக்கிறேன். நாளிதழில் எழுதியதால் கவிதைக்கு நேரமில்லாமல் போயிற்று என்பது நம்மிடையே வழக்கமாகக் கேட்கும் புலம்பல். அப்போலினேர் விஷயத்தில் அது பொருந்தவில்லை. நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓலைக்கணக்கு:

நீலக்கூரை அவர்களே, தொடக்கம் நன்றாக இருக்கிறது. முடிவோடு மட்டும் உடன்பட முடியவில்லை. கவிஞராக அவர் பெரியவர் என்பதால் அவருடைய கலை விமர்சனத்தையும் உயர்த்திப் பேசும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. உடனிருந்த ஓவியர்களே அவருடைய ஓவிய அறிவைப் பெரிதாக மதிக்கவில்லை. பொருட்களை வடிவியல் துண்டுகளாக உடைத்து வரைந்த கியூபிச ஓவியர்களைப் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட நூல் பிகாஸோவுக்கும் பிராக்குக்கும் நிறைவு தரவில்லை. அவர்களுடைய ஓவிய வணிகர் கான்வைலர் அதை மதிக்கவே இல்லை. அந்த நூலில் ஓவியர் மரி லோரான்சானுக்கு இடம் கிடைத்ததற்கு அவர் அப்போலினேரின் காதலியாக இருந்ததைத் தவிர வேறு வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை.

நிலைப்பாடும் உறுதியானதல்ல. 1910ஆம் ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் மெட்ஸிஞ்சே போன்றவர்களின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, பிகாஸோவின் உயிரற்ற நகல் என்று தள்ளிவிட்டவர், அடுத்த ஆண்டு ஜூனில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு எழுதிய முன்னுரையில் அதே ஓவியர்களின் சார்பாகக் கியூபிஸ்டுகள் என்ற பெயரை ஏற்றுக்கொள்கிறார். ஓராண்டுக்குள் இவ்வளவு தூரம் நகர்ந்தவரை நம்பத்தக்க விமர்சகர் என்று எப்படிச் சொல்வது? அவர் நல்ல விளம்பரக்காரர். நண்பர்களுக்காக உரத்துப் பேசியவர். அந்த உழைப்பைக் கவிதைக்குச் செலவிட்டிருந்தால் இன்னும் இரண்டு தொகுப்புகள் நமக்குக் கிடைத்திருக்கும்.

அச்சுமை:

நான் நாளிதழ் ஒன்றின் கலைப் பக்கத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்பதால், ஓலைக்கணக்கு சொன்னதற்கு அந்தத் தொழிலின் பக்கத்திலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

நாளிதழில் கண்காட்சி விமர்சனம் எழுதுபவர் நூல் எழுதுபவரைப் போல ஓவியத்தின் முன்னால் விரும்பிய நேரம் அமர்ந்திருக்க முடியாது. சுயேச்சைக் கலைஞர்களின் கண்காட்சியைப் பாருங்கள். அங்கே தேர்வுக் குழு கிடையாது. கட்டணம் செலுத்திய எவரும் ஓவியத்தை மாட்டலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான படைப்புகள் அறை அறையாக நிறைந்திருக்கும். அவற்றுக்கிடையே நடந்து, எந்த அறையில் நின்று பார்க்க வேண்டும், எதைக் கடந்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்து, அச்சு நேரத்துக்குள் குறிப்பைக் கொடுத்தாக வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கண்காட்சியில் 41ஆம் எண் அறையில் மெட்ஸிஞ்சே, கிளேஸ், லெஜே, தெலோனே, ல ஃபோகொன்னியே ஆகியோரின் ஓவியங்கள் ஒன்றாகத் தொங்கின. கூட்டம் கேலி செய்வதற்காகவே அங்கே குவிந்தது. அந்தக் கேலிக்கு நடுவில் நின்று, இங்கே ஏதோ நடக்கிறது என்று பொதுமக்கள் வாங்கும் நாளிதழில் எழுதுவதற்குத் துணிவு வேண்டும். நீங்கள் தடுமாற்றம் என்று சொல்லும் அந்த ஓராண்டு மாற்றத்தை, முன்னர் எழுதியது தம் பெயரிலேயே அச்சில் கிடக்கும்போது பார்வையை வெளிப்படையாகத் திருத்திக்கொண்ட நேர்மையாகவே நான் பார்க்கிறேன். என் தொழிலில் அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு.

அந்த வேலையை அவர் எப்படி இழந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1914 மார்ச்சில் சுயேச்சைக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, கீவ் நகரிலிருந்து வந்த சிற்பி ஆர்சிபெங்கோவைப் பாராட்டினார். அவர் எழுதிய நாளிதழே அந்தச் சிற்பத்தின் படத்தை வெளியிட்டு, இந்தப் பாராட்டுக்குக் கட்டுரையாளரே பொறுப்பு என்ற தொனியில் விலகிக்கொண்டது. அப்போலினேர் வேலையை விட்டார். நண்பர்களுக்காகப் பேசும் விளம்பரக்காரர் என்றால், சம்பளத்தை இழக்கும் அளவுக்குப் போயிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஓவியரின் கண் அவருக்கு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. வண்ணக் கலவையைப் பற்றியோ கட்டமைப்பைப் பற்றியோ அவர் எழுதியவற்றில் நமக்குப் பயன்படுவது கொஞ்சம்தான். ஆனால் பார்த்தவுடன் எழும் முதல் வியப்பை, அது ஆறுவதற்கு முன்பே வாக்கியத்துக்குள் கொண்டுவரும் திறன் அவரிடம் இருந்தது. அது செய்தியாளரின் திறன். கவிஞரும் அதைத்தான் பயன்படுத்தினார்.

வடதிசை:

பிறந்த நாட்டை விட்டு வந்து, குடிபுகுந்த நாட்டின் மொழியில் கலை பற்றி எழுதிப் பிழைக்கும் ஒருத்தி என்ற முறையில் இந்த இழையைப் படிக்கிறேன். இதுவரை நீங்கள் அனைவரும் விமர்சகரைப் பற்றிப் பேசினீர்கள். அயலாரைப் பற்றிப் பேசவில்லை. 1911 செப்டம்பரை அறியாமல் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த ஆகஸ்ட் 21 அன்று லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா திருடு போனது. அப்போலினேருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அவரிடம் செயலாளரைப் போல வேலை பார்த்த ஜெரி பியெரே என்ற பெல்ஜியக்காரர், அதே லூவ்ரிலிருந்து பழைய ஐபீரியச் சிறு சிலைகளை முன்னரே திருடியிருந்தார்; அவற்றில் சில 1907இல் பிகாஸோவிடம் விலைக்குப் போயிருந்தன. ஓவியம் காணாமல் போன பரபரப்பில் பியெரே தாமே ஒரு நாளிதழிடம் போய்த் தம் திருட்டைப் பெருமையாகச் சொன்னார். பிகாஸோவும் அப்போலினேரும் அஞ்சி, சிலைகளை அந்த நாளிதழின் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இருவரும் அயல்நாட்டார். செப்டம்பர் 7 அன்று அப்போலினேர் கைது செய்யப்பட்டு சாந்தே சிறையில் அடைக்கப்பட்டார். 12ஆம் தேதிதான் வெளியே வந்தார். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. ஓவியத்தைத் திருடிய வின்சென்ஸோ பெருஜா 1913 டிசம்பரில்தான் பிடிபட்டார்.

சிறையில் கழிந்தவை சில நாட்கள்தாம். ஆனால் அவற்றின் கனத்தைப் புரிந்துகொள்ள அப்போது நடைமுறையில் இருந்த சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1849ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லாமலேயே, உள்துறை அமைச்சரின் ஆணை ஒன்றினால் ஓர் அயல்நாட்டாரை பிரான்சிலிருந்து வெளியேற்றிவிடலாம். குற்றமற்றவர் என்று விடுதலையான பிறகும் அந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டேதான் இருக்கும். வலதுசாரிப் பத்திரிகைகள் அவரை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அந்நியர் என்று எழுதின. பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவரைப் பத்திரிகையே எழுத்தால் அடித்தது. வெளியேற்றப்பட்டால் அவர் எங்கே போவார்? ரோமில் அவருக்கு யாரும் இல்லை. போலந்து என்ற நாடே அப்போது வரைபடத்தில் இல்லை. ரஷ்யா ஆவணத்தில் மட்டும் இருந்த நாடு. அவருக்கு இருந்த ஒரே வீடு பிரெஞ்சு மொழி. அந்த மொழியில் அவர் தம்மை எவ்வளவு அவசரமாகவும் ஆவேசமாகவும் நிறுவிக்கொள்ள முயன்றார் என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த ஆவேசத்தை விளக்க வேண்டியதில்லை.

தாழம்பூ:

வடதிசை எழுதியதைப் படித்ததும் பாரதியின் நினைவு வந்தது. இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். பாரதி 1882இல் பிறந்தவர். இருவரும் பத்திரிகையால் பிழைத்த கவிஞர்கள். பாரதி 1908இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்ப் பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பியபோது கடலூர் அருகே கைதானார். அப்போலினேர் இறந்ததும் அதே மாதம்தான். இந்த ஒப்புமையை யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா?

நீலக்கூரை:

தாழம்பூ, காலப் பொருத்தம் வியப்பளிக்கிறது. ஆயினும் இருவரின் நிலையும் வேறு. பாரதி எல்லை கடந்து போனாலும் தமிழுக்குள்தான் இருந்தார். அவரைத் தேடிவந்தது ஆட்சியாளரின் காவல் துறை. வாசகர்கள் அவரை அந்நியர் என்று சொல்லவில்லை. அப்போலினேரோ ஒரு பேரிலக்கியத்தின் தலைநகருக்குள் வெளியிலிருந்து நுழைந்தவர். அதன் வாசகர்களே அவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள்.

இதற்குச் சான்று 1913 ஜூனில் வெளிவந்த ஒரு மதிப்புரை. அந்த ஏப்ரலில்தான் அவருடைய முதல் பெரிய கவிதைத் தொகுப்பான அல்கோல் வெளியாகியிருந்தது. அவர் தொடர்ந்து பத்தி எழுதிவந்த மெர்க்யூர் த பிரான்ஸ் இதழிலேயே ஜார்ஜ் துஆமெல் அந்தத் தொகுப்பைப் பழம்பொருள் கடையோடு ஒப்பிட்டார்: எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த பொருட்கள் குவிந்து கிடக்கின்றன, கடைக்காரர் தாமாக எதையும் செய்யவில்லை என்பது அவர் வாதம். அதோடு நிறுத்தாமல், கவிஞரிடம் கிழக்கத்திய யூதர், தென் அமெரிக்கர், போலந்துச் சீமான், இத்தாலியச் சுமைகூலி ஆகியோரின் கலவை தெரிவதாகவும் எழுதினார். கவிதையைப் பற்றிய குறையிலிருந்து பிறப்பைப் பற்றிய குறைக்கு ஒரே மூச்சில் தாவும் இந்த மதிப்புரை எனக்கு இன்றும் கசக்கிறது. துஆமெல் மதிப்பு மிக்க எழுத்தாளர். அதனால் கசப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அரசியல் மேடையிலும் இதே குரல்தான் ஒலித்தது. 1912 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஜூல்-லூயி பிரெத்தோன் என்ற உறுப்பினர், கியூபிசம் போன்ற, தேசத்துக்கு எதிரான கலைக்கு அரசின் மாளிகையைத் தரலாமா என்று கேட்டார். மார்செல் செம்பா எழுந்து கலைஞர்களின் உரிமைக்காகப் பதில் சொன்னார். பிகாஸோ, பிரான்குஸி, மொதிலியானி, ஷகால், குப்கா, ஆர்சிபெங்கோ என்று அன்றைய பாரிஸின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அயலாரின் கலையை அயலாரே நாளிதழில் வரவேற்று எழுதினார். அச்சுமை சொன்ன துணிவுக்கு இந்தப் பின்னணியும் உண்டு.

கூழாங்கல்:

விவாதம் கவிதையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருப்பதால் இரண்டு கவிதைகளை நடுவில் வைக்கிறேன்.

அல்கோல் தொகுப்பின் முதல் கவிதையான ஸோன் 1912இல் எழுதப்பட்டது. அதன் தொடக்கத்திலேயே துண்டறிக்கைகளும் பட்டியல்களும் சுவரொட்டிகளும் உரக்கப் பாடுகின்றன. இன்றைய காலையின் கவிதை அவைதாம், உரைநடைக்கு நாளிதழ்கள் இருக்கின்றன என்கிறார். நாளிதழ் அலுவலகத்துக்குப் போய் வராத ஒருவர் இந்த வரிகளை இவ்வளவு இயல்பாக எழுதியிருக்க முடியுமா? அதே கவிதையில் பின்னர், விசாரணை நீதிபதியின் முன் குற்றவாளியைப் போல நிறுத்தப்பட்டதைத் தம்மையே முன்னிலையில் அழைத்துச் சொல்லிக்கொள்கிறார். அதையடுத்துக் கண்ணீர் ததும்பும் கண்களோடு அவர் பார்ப்பது சாந்-லசார் ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஏழைக் குடியேறிகளை. பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். உடல்களின் வாடை கூடத்தை நிறைத்திருக்கிறது. அர்ஜென்டினாவில் பொருள் ஈட்டித் திரும்பலாம் என்று நம்புகிறார்கள். ஒரு குடும்பம் சிவப்பு மெத்தைப் போர்வை ஒன்றை, நீங்கள் உங்கள் இதயத்தைச் சுமந்து போவது போலத் தூக்கிக்கொண்டு போகிறது. செய்தியாளரின் கண் அந்தப் போர்வையின் நிறத்தைக் குறித்துக்கொண்டது; எதற்காக ஒரு குடும்பம் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு போர்வையைக் கொண்டுபோகும் என்பது ஊர்விட்டு ஊர் மாறியவருக்கு மட்டுமே தெரியும். வடதிசையும் அச்சுமையும் தனித்தனியாகச் சொன்னவை இந்த இடத்தில் ஒன்றாகின்றன.

இரண்டாவது, கிறிஸ்தீன் தெருவில் ஒரு திங்கட்கிழமையைப் பற்றிய கவிதை. காப்பிக்கடையில் காதில் விழுந்த பேச்சுத் துண்டுகள் மட்டுமே கவிதையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பில்லை, நிறுத்தற்குறியும் இல்லை. அல்கோல் அச்சுப்படிகளைத் திருத்தும்போதுதான் நிறுத்தற்குறிகளை மொத்தமாக நீக்கினார்; அதன் பிறகு அதுவே அவர் வழியாயிற்று. மெர்க்யூர் பத்திக்காகத் துணுக்குச் செய்திகளைத் திரட்டிப் பழகிய காதுதான் இந்தக் கவிதையைக் கேட்டது. ஓலைக்கணக்கு கேட்ட அந்த இரண்டு தொகுப்புகள் பத்தி எழுத்து இல்லாமல் வந்திருந்தால், இந்தக் கவிதையும் ஸோனும் இருந்திருக்குமா என்று ஐயுறுகிறேன்.

ஓலைக்கணக்கு:

கூழாங்கல் காட்டிய இடங்களுக்குப் பிறகு, பத்தி எழுத்து கவிதைக்கு எதிரி என்ற என் வாதத்தைக் கைவிடுகிறேன். ஆனால் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது, அதையும் பேசாமல் விட முடியாது.

போர் தொடங்கியதும் அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர விண்ணப்பித்தார். 1914 டிசம்பரில் நீம் நகரில் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு காலாட்படைக்கு மாறி முன்னணிப் பதுங்குகுழிக்குப் போனார். 1916 மார்ச் 9 அன்று குடியுரிமை கிடைத்தது. எட்டு நாட்கள் கழித்து, பெர்ரி-ஓ-பாக் அருகே பதுங்குகுழியில் மெர்க்யூர் இதழைப் படித்துக்கொண்டிருந்தபோது குண்டுச் சிதறல் இரும்புத் தொப்பியைத் துளைத்து வலது நெற்றிப்பொட்டில் பாய்ந்தது. மே மாதம் மண்டையோட்டில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இதுவரை அனைத்தும் மதிப்புக்குரியவை. ஆனால் காயம் ஆறிய பிறகு அவர் பார்த்த வேலை பத்திரிகைத் தணிக்கை அலுவலகத்தில். 1917 நவம்பரில் புதிய உணர்வும் கவிஞர்களும் என்ற பொருளில் ஆற்றிய உரையில், புதுமையையே பிரெஞ்சு ஒழுங்கோடும் நாட்டுப்பற்றோடும் பிணைக்கிறார். எல்லைகளைத் தாண்டி வந்தவர், எல்லா நாட்டுக் கலைஞர்களையும் வரவேற்றவர், பிறர் எழுத்தை வெட்டும் மேசையில் அமர்ந்தது எனக்கு வலிக்கிறது. குடியுரிமையின் விலை அதுவா?

வடதிசை:

உங்கள் வலி நியாயமானது. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. தலையில் கட்டோடு திரும்பியவருக்கு ராணுவம் கொடுத்த வேலை அது என்பது உண்மை. அவர் மனமுவந்து போனாரா என்பதைவிட, மறுக்கும் இடத்தில் இருந்தாரா என்று கேட்பேன். 1911இல் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழக்கவிருந்தவர் அவர். தம்மை இந்த மண்ணுக்கு உரியவராக மெய்ப்பிக்க வேண்டும் என்ற அழுத்தம் அங்கேயே பிறந்தவர்களுக்கு இருந்ததில்லை. அந்த உரையில் உள்ள தேசப் பெருமிதம் எனக்கும் உவப்பாக இல்லை. ஆயினும் அதே காலத்தில்தான் 1918 ஏப்ரலில், வரிகளைப் படமாக அடுக்கிய கவிதைகளைக் கொண்ட காலிகிராம் தொகுப்பு வந்தது. அதன் ஒரு பகுதி 1915இல் போர்முனையிலேயே, கட்டம் போட்ட தாளில் படைவீரர்களின் கையெழுத்து நகல் முறையில் 25 படிகள் மட்டும் எடுக்கப்பட்ட சிறு நூலாக வந்திருந்தது. பீரங்கிக்குப் பக்கத்திலும் இதழ் நடத்துபவரைப் போலத் தாளும் மையும் தேடிய மனிதர் அவர். தணிக்கை மேசையோடு இதையும் சேர்த்துத்தான் நாம் அவரை எடைபோட வேண்டும்.

அந்த நவம்பர் 9 அன்று, போர்நிறுத்தத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, இன்ஃபுளுவென்ஸா காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 38. குடிமகனாக அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

அச்சுமை:

ஒரு வேண்டுகோள். அவருடைய கலைப் பத்திகள் 1960இல் பிரெஞ்சில் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. அந்தப் பத்திகள் பெரும்பாலும் சிறியவை; ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம்தான். பிரெஞ்சு அறிந்தவர்கள் இந்த இழையில் யாரேனும் இருந்தால், 1910 இலையுதிர்காலக் கண்காட்சிக் குறிப்பையும் 1911ஆம் ஆண்டு 41ஆம் அறையைப் பற்றிய குறிப்பையும் அடுத்தடுத்து மொழிபெயர்த்து இங்கே இடுங்கள். ஓலைக்கணக்கும் நானும் அந்த மாற்றத்தை எப்படிப் படிப்பது என்பதில் இன்னும் உடன்படவில்லை. மூல வரிகளை வைத்துக்கொண்டு பேசினால்தான் அது தீரும்.

கூழாங்கல்:

41ஆம் அறைக் குறிப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வார இறுதிக்குள் இடுகிறேன். மற்றதை நீலக்கூரை செய்ய இயலுமா?

நீலக்கூரை:

செய்கிறேன். அதோடு ஆர்சிபெங்கோவைப் பற்றிய 1914 மார்ச் குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன். அவருக்கு வேலை போவதற்குக் காரணமான வரிகள் எவை என்பதை எல்லோரும் பார்க்கட்டும்.